மதிலைத் தாண்டும் வெளிச்சம்

ஒரு வீட்டின் வெளிச்சம் யாருக்குச் சொந்தம்? மின் மீட்டர் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் விளக்கு வேறு, வெளிச்சம் வேறு. விளக்கு சுவரோடு நிற்கும். வெளிச்சம் கண்ணாடியைத் தாண்டும், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டும், மதிலையும் தாண்டும். முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற வீடு என்றால், தாண்டிப் போய் மணலில் விழும்.

வீடு முழுவதற்கும் லைட்டிங் கன்ட்ரோல் அமைத்துக் கொடுப்பது என் தொழில். கானத்தூரிலிருந்து கோவளம்வரை பல வீடுகளில் வேலை பார்த்திருக்கிறேன். வருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: "எது சார் பெஸ்ட்? கேஎன்எக்ஸா, டாலியா, வயர்லெஸ்ஸா?" இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். பதில் கடல் ஆமை வழியாகப் போக வேண்டியிருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

முதலில் தொழில்நுட்பம், சுருக்கமாக. சுவர் சுவிட்ச் பெட்டிக்குள் அடங்கும் எலக்ட்ரானிக் டிம்மரை 1959இல் அமெரிக்காவில் உருவாக்கியவர் ஜோயல் ஸ்பைரா. 1961இல் லூட்ரான் நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்கு முன்பு வெளிச்சத்தைக் குறைப்பது பெரும்பாலும் நாடக அரங்குகளின் வித்தை. அந்த வாசனை இன்னும் போகவில்லை. 'விருந்து', 'சினிமா', 'தூக்கம்' என்று முன்கூட்டியே பதிந்துவைக்கும் வெளிச்ச அளவுகளை எங்கள் தொழிலில் இன்றும் 'சீன்' என்றுதான் சொல்கிறோம்.

டாலி என்பது இரண்டே கம்பிகளில் 64 விளக்குகள்வரை தனித்தனியாகப் பேசும் முறை. 16 குழுக்கள், 16 சீன்கள். கேஎன்எக்ஸில் விளக்கோடு திரைச்சீலை, ஏசி எல்லாம் ஒரே கேபிளில் வரும். ஒவ்வொரு கருவியும் தன் வேலையைத் தானே நினைவில் வைத்திருக்கும். இரண்டுக்கும் பூச்சு வேலைக்கு முன்பே பைப் பதிக்க வேண்டும். கட்டி முடித்த வீட்டுக்கு வயர்லெஸ்தான் வசதி. உப்புக்காற்று வீசும் இடத்தில் எதை வாங்கினாலும், வெளிப்பக்கம் தெரியும் இணைப்புகளை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

இவ்வளவையும் பேசி முடிக்கும்போது ஒரு விஷயம் உறுத்தும். எல்லாச் சீனிலும் பார்வையாளர் வீட்டுக்காரர் மட்டும்தான். வெளியே, டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்திருப்பவரைப் பற்றிப் பேச்சே இல்லை.

*

ஜனவரியிலிருந்து இந்தக் கரைக்கு ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வருகின்றன. மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் பொரித்து, பெரும்பாலும் இரவில் மேலே வரும். மார்ச் கடைசியில் இட்ட முட்டை மே நடுவில் பொரிக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெளியே வந்த குஞ்சுக்கு வழிகாட்ட யாரும் இல்லை. தாய் எப்போதோ போய்விட்டது. தாழ்வாகத் தெரியும் வானவிளிம்பில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். கோடானுகோடி இரவுகளாக அது சரியான முடிவுதான்: நிலாவும் நட்சத்திரமும் கடலில் பிரதிபலிக்கும், கரை இருட்டாக இருக்கும். இப்போது கரைதான் பளிச்சென்று இருக்கிறது. குஞ்சு சாலையைப் பார்த்து நகரும். நாய், நண்டு, காக்கை, விடிந்தபின் வெயில். சென்னைக் கரையில் 1988 முதல் இயங்கும் மாணவர் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்பினர் இரவெல்லாம் மணலில் நடந்து முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவதற்கு இந்த விளக்குகளும் ஒரு காரணம். நாம் தாராளமாகச் சிந்திய வெளிச்சத்துக்கு யாரோ தூக்கத்தைக் கொடுத்து ஈடுகட்டுகிறார்கள்.

"அதான் டிம்மர் இருக்கே, குறைச்சிக்கலாமே" என்பார்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பழைய குண்டு பல்பைக் குறைத்தால் அது சிவந்துகொண்டே போகும். வெள்ளை எல்இடி அப்படி இல்லை. அதன் உள்ளே இருப்பது நீல ஒளி தரும் சில்லு. மேலே பூசிய மஞ்சள் பூச்சுதான் அதை வெள்ளையாக்குகிறது. எவ்வளவு குறைத்தாலும் நீலத்தின் பங்கு அப்படியே இருக்கும். ஆமைக்குஞ்சை அதிகம் இழுப்பது நீலமும் பச்சையும். அதனால் கடல் பக்கம் குறைத்த வெள்ளை போதாது. விளக்கு தாழ்வாக இருக்க வேண்டும், மூடி போட்டுக் கீழ்நோக்கி இருக்க வேண்டும், ஆம்பர் அல்லது சிவப்பாக இருக்க வேண்டும். கண்ணாடிக்கு உள்ளே கெட்டியான திரை. சொன்னால் என் வியாபாரத்துக்கு ஆகாது, ஆனாலும் சொல்கிறேன்: கடலைப் பார்த்த சுவரில் மிகச் சிறந்த கன்ட்ரோல், அங்கே மாட்டாமல் விட்ட விளக்குதான்.

நம் கண்ணும் இதற்கு ஒத்துழைக்கும். டிம்மரில் அளந்து கால்வாசி வெளிச்சமாக்கினால் நமக்கு அது பாதி வெளிச்சமாகத் தெரியும். முக்கால் பங்கை விட்டுக்கொடுத்தால் பாதியை மட்டும் இழந்ததாக உணர்வோம். இவ்வளவு மலிவான தியாகம் வேறு எங்கே கிடைக்கும்?

*

இனிமேல்தான் சிக்கலான கேள்வி. கன்ட்ரோலருக்கு முட்டுக்காட்டின் அட்சரேகை தெரியும். சூரியன் எப்போது மறையும் என்று அதுவே கணக்கிடும். ஜனவரி முதல் தேதியிலிருந்து மே முடியும்வரை கடல் பக்கச் சர்க்யூட் தானாக அணைந்திருக்கும்படி எழுதிவிடலாம். வீட்டுக்காரர் ஆமையை ஒருமுறைகூட நினைக்க வேண்டியதில்லை. அப்படியானால் அங்கே அறம் செய்தது யார்? ரிலேயா?

ஒவ்வொரு இரவும் தானே எழுந்துபோய், நினைத்து, மனமுவந்து அணைப்பதுதான் உண்மையான நல்ல காரியம், டைமர் செய்வது வெறும் ஏற்பாடு என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு ஒப்புதல் இல்லை. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறோம். கட்டிய பிறகு வெளியூரில் தங்க மாட்டோம், கவிச்சி தொட மாட்டோம். தினமும் காலையில் எழுந்து புதிதாகத் தீர்மானிக்கிறோமா? இல்லை. ஒருமுறை தீர்மானித்ததை மஞ்சள் கயிறு நினைவில் வைத்திருக்கிறது. கயிறு கட்டிக்கொண்டவனின் விரதம் சின்ன விரதம் என்று யாரும் சொல்வதில்லை. நாளைக்கு எனக்குச் சோம்பல் வரும், விருந்தாளி வருவார், மறதி வரும் என்று தன்னைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பவன்தான் காப்புக் கட்டிக்கொள்வான்.

ஆனால் காப்பை அறுக்கவும் முடியும். அறுக்கவே முடியாதென்றால் அது விலங்கு. எனவே ஒரு சிஸ்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது மீறும் வழியை. "ஃப்ரெண்ட்ஸ் வந்தா டெக் ஃபுல்லா எரியணும், போன்லயே ஒரு பட்டன் குடுங்க" என்பார்கள். போனில் ஒரு தட்டலில் அறுந்துவிடும் காப்பு கயிறே இல்லை. நான் அதை உள்ளே மெயின் போர்டு பக்கத்தில் வைக்கிறேன். எழுந்து, நடந்து, கதவைத் திறந்து போட வேண்டும். 30 நிமிடத்தில் தானாக அணையும். திரும்ப வேண்டுமா, திரும்ப நடக்க வேண்டும். அந்தப் பத்தடி நடையில் மனசாட்சி விழித்துக்கொள்ள ஒரு வாய்ப்பு இருக்கிறது.

*

இருட்டை யார் சுமப்பது என்றும் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் உள்ளே ஏசியில் தூங்குவார். கடல் பக்கக் கேட்டில் இரவு முழுக்க உட்கார்ந்திருப்பவர் வாட்ச்மேன். நம்முடைய அறத்துக்கு அவர் பயத்தைக் கொடுக்கலாமா? ஒரு வீட்டில் அவரிடமே கேட்டேன். "எனக்குக் கடலைப் பாக்க லைட்டு வேணாம் சார், காலடியில பாம்பப் பாக்கத்தான் வேணும்" என்றார். எந்த ஆலோசகரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. முழங்கால் உயரத்தில், ஆள் நடந்தால் மட்டும் எரியும் ஆம்பர் விளக்குகள் வைத்தோம். தேவைக்கான வெளிச்சம் மிகச் சின்னது. மதிலைத் தாண்டுவதெல்லாம் பெரும்பாலும் காட்டிக்கொள்வதற்கான வெளிச்சம்தான்.

ஆமைகளைக் கொல்வதில் விளக்கைவிட வலைக்குப் பங்கு அதிகம் என்பது உண்மை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கி மூச்சுமுட்டியதே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. அதைச் சுட்டிக்காட்டி "நம்ம வீட்டு லைட்டாலயா சார்?" என்று கேட்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மீன்களின் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14வரை 61 நாள் கரையில் நிற்கின்றன. கடலுக்காக ஒரு குடும்பம் இரண்டு மாத வருமானத்தையே நிறுத்திவைக்கிறது. அதே கரையில் பங்களா வைத்திருப்பவர் நிறுத்திவைப்பது என்ன? 1991 முதல் கடலோர ஒழுங்குமுறை விதிகள் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கட்டடங்களை அளக்கின்றன. சுவரை எவ்வளவு தள்ளிக் கட்டினாலும் வெளிச்சம் அந்தத் தூரத்தை நொடியில் கடந்துவிடும்.

ஆக, எது பெஸ்ட்? புது வீடென்றால் கம்பி வழி; கடல் பக்கத்துக்குத் தனிச் சர்க்யூட்; தேதி பார்த்துத் தானே அணையும் கடிகாரம்; நடந்துபோய் மீற வேண்டிய ஒரு சுவிட்ச்; வாட்ச்மேனிடம் கேட்டு வைத்த சின்ன விளக்கு. பிராண்ட் உங்கள் இஷ்டம்.

இவ்வளவும் செய்தபிறகும் பக்கத்து மனையின் ஃப்ளட் லைட் அப்படியே எரியும். எந்த கேஎன்எக்ஸ் கேபிளும் அதுவரை நீளாது. மதில் ஓரம் போய் நின்று, "அண்ணே, ஒரு விஷயம்" என்று ஆரம்பிக்க வேண்டியதுதான். ஜனவரிக்கு முன்பே ஆரம்பிப்பது நல்லது.