ஆறு தாய்மாரும் தவிட்டுக்குருவியும்

 

திருப்போரூர் கந்தசாமி கோயிலுக்கு வந்தா, பக்கத்துல இருக்கிற பிரணவமலைக்கும் ஏறிட்டுப் போங்க. மலையடிப் புதர்ல தவிட்டுக்குருவிக் கூட்டத்தை நான் எத்தனையோ தடவை நின்னு பார்த்திருக்கேன். வெளிர் தலை, மஞ்சள் மூக்கு, ஓயாத கத்தல். ஏழெட்டுக் குருவிகள் சேர்ந்து சருகைப் புரட்டிப் பூச்சி தேடும். பழனிமலைச் சோலைக்காடுகள்ல வாழும் சிரிப்பான் குருவிக்கு இது சொந்தம். அதுவும் கூட்டாளி இல்லாம இருக்காது.

எல்லாம் தரையில் மேயும்போது, ஒண்ணு மட்டும் பசியைப் பொறுத்துக்கிட்டு கிளைமேல உட்கார்ந்திருக்கும். வல்லூறு வந்தா அது குரல் கொடுக்கும். கந்தன் வானத்தில் போர் செய்த ஊர்ல வானத்தைக் காவல் காக்கிற சின்ன உயிர்!

கூட்டில் குஞ்சு பொரிச்சா, பெத்ததுகள் மட்டும் இல்லை, கூட்டத்தில் உள்ள மற்றதுகளும் இரை கொண்டுவந்து ஊட்டும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சரவணப்பொய்கை ஞாபகம்தான். ஆறு தாமரையில் கிடந்த ஆறு குழந்தைகளை எடுத்துப் பாலூட்டினவங்க கார்த்திகைப் பெண்கள். பெற்றவங்க இல்லை. ஆனா அவங்களாலதான் நம்ம சாமிக்கு 'கார்த்திகேயன்'னு பேரு.

இன்னொண்ணும் சொல்லணும். சுடலைக்குயில் தன் முட்டையைத் தவிட்டுக்குருவி கூட்டில் இட்டுட்டுப் போயிடும். முட்டை ரெண்டும் நீலம். பாவம், குருவிக்கு வித்தியாசம் தெரியாது. அந்தக் குஞ்சையும் வளர்க்கும். இதை நான் பெரிய கருணைன்னு அலங்கரிக்க மாட்டேன், அது ஏமாந்துதான் ஊட்டுது. கார்த்திகைப் பெண்கள் ஏமாறலை. தன் பிள்ளை இல்லைன்னு தெரிஞ்சேதான் மார்போட அணைச்சாங்க. அதனாலதான் கிருத்திகை விரதம்னு அவங்க நாளையே கும்பிடுறோம்.

ஓஎம்ஆர் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற தம்பி, தங்கைகளுக்குத்தான் இதை எழுதுறேன். ஒரே ரூம்ல நாலு பேர், ஆளுக்கொரு ஹெட்போன். ஒருத்தன் ரெண்டு நாளா காய்ச்சல்ல படுத்திருக்கிறது அடுத்த கட்டில்காரனுக்கே தெரியலைன்னா, நாம காலையில ஸ்டேட்டஸ்ல வைக்கிற வேல் படம் யாருக்கு?

வர்ற கிருத்திகைக்கு விரதம் இருங்க, கோயிலுக்கும் போங்க. போறதுக்கு முன்னாடி பக்கத்து ரூம் கதவைத் தட்டி, "சாப்பிட்டியாப்பா?"ன்னு கேளுங்க. இல்லைன்னா ரெண்டு இட்லி வாங்கிக் கொடுத்துட்டு, முடிஞ்சா அவனையும் கூட்டிக்கிட்டு வாங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!