மூலன் உடம்பில் வந்த ஞானம்



நோயும் நரையும் வந்து அழியும் இவ்வுடம்பு இறைவனை எங்ஙனம் காட்டும் என்று கேட்போர் உளர். திருமூல நாயனார் வரலாறே இதற்கு விடை. கயிலையிலிருந்து வந்த சிவயோகியார், காவிரிக்கரையில் சாத்தனூர் இடையனாகிய மூலன் இறந்து கிடக்க, அவனைச் சுற்றிக் கதறிய பசுக்களின் துயர் பொறாது அவனுடம்பிற் புகுந்தார். பசுக்களின் பின்னே ஊர் சென்று மீண்டபோது, தாம் சேமித்து வைத்த தம்முடம்பைக் காணவில்லை. சிவபெருமானே அதை மறைப்பித்தார் என்கிறது பெரியபுராணம். தவஞ்செய்த உடம்பு போக, மாடு மேய்த்தவன் உடம்பிலிருந்தன்றோ பத்தாந் திருமுறையாகிய திருமந்திரம் வெளிப்பட்டது! முன்பு உடம்பை இழிவாக எண்ணியிருந்ததையும், உள்ளே இறைவனைக் கண்டபின் அதைப் பேணுவதையும் அந்நூலில் அவரே சொல்கிறார்.

ஆயினும் உடம்பே கடவுளன்று. அது பொழுது விடியுமட்டும் உதவும் விளக்கு என்பது சைவசித்தாந்தம். விளக்கு விடியலைக் கொண்டுவராது, அருளே கொண்டுவரும்.

காரைநகர் ஈழத்துச் சிதம்பரம் முதலான தீவகக் கோயில்களைப் பிரிந்து 1990, 1991ஆம் ஆண்டுகளில் எம்மவர் இடம்பெயர்ந்தனர். போன இடத்தில் திருநீறு பூச நெற்றியும், திருவைந்தெழுத்து ஓத நாவும் கூடவே இருந்தன. வழிபாடு நின்றுபோகவில்லை.

மூலவருக்கு எண்ணெய்க்காப்புத் தவறினால் பதறும் அடியவர் சிலர், கந்தசஷ்டி வந்ததும் நீரிழிவு மருந்தை நிறுத்திவிட்டு வீதியில் மயங்கி விழுகின்றனர். இது விரதமா? வைத்தியர் சொன்னபடி உண்டு, மருந்தும் எடுத்து, ஆறு நாளும் முருகனைத் தொழலாம், அவன் கோபிக்கமாட்டான்.