மண்ணுக்குள் விட்ட இரும்பு

தீங்கு செய்யும் நோக்கமின்றி ஒருவன் செய்த காரியம், அவன் காலத்திற்குப் பின் தீங்காய் முடியுமாயின், அது யாருடைய வினை? அன்பர்களே, இவ்வினாவை எனக்குள் எழுப்பியது நூலன்று, ஒரு குழாய்.

நான் வேலை பார்த்த ஆலையில் பழைய நீராவிக் குழாயொன்றை அகற்றாமல் மண்ணிட்டு மூடிவிட்டார்கள். ஆண்டுகள் பல சென்றபின், ஒரு மழை நாளில் அவ்விடம் உள்வாங்கிற்று. பஞ்சுப் பொதி சுமந்து சென்ற தொழிலாளி கால் முறிந்து வீழ்ந்தார். மூடச் சொன்ன மேலதிகாரி அதற்குள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இருந்தவர்களோ, "நாங்கள் மூடவில்லையே" என்றனர்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் இதே வினா பேருருவங்கொண்டு நிற்கிறது. கனடாவின் எட்மன்டனிலிருந்து சுப்பீரியர் நகர் வரை, சுமார் 1,100 மைல் நீளத்திற்கு, 34 அங்குல விட்டமுள்ள எண்ணெய்க் குழாய் 1960ஆம் ஆண்டுகளில் பதிக்கப்பட்டது. மூன்றாம் தடம் என்பது அதன் பெயர். 1991 மார்ச்சில் அது கிராண்டு ராப்பிட்ஸ் அருகே உடைந்து 17 லட்சம் காலன் எண்ணெயைக் கக்கிற்று. ஆறு உறைந்து கிடந்தமையால் பெருங்கேடு தப்பியது. 2021 அக்டோபரில் புதிய குழாய் ஓடத் தொடங்கவே, பழையது ஓய்ந்தது. இனி அதை என் செய்வது?

தோண்டி எடுப்பதே நேர்மை என்று முதலில் நானும் எண்ணினேன். ஆனால் அவ்வழியில் சதுப்பு நிலங்கள் மிகுதி. ஒஜிப்வே மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காட்டு நெல் கொய்துவரும் ஏரிகள் சூழ்ந்த நாடு அது. கனத்த இயந்திரங்களை அங்கே இறக்கினால் சேறு கலங்கும், வேர் நசுங்கும். எண்ணெய் ஓடும் வேறு குழாய்களும் பக்கத்திலேயே கிடக்கின்றன. மண்வாரி சற்றுத் தவறினால் அவையும் உடையும்.

சரி, விட்டுவிடலாமா? எண்ணெய் வடிந்த குழாய் கனம் குறைந்து, சதுப்பில் மெல்ல மேலெழும்பக் கூடும். துருவேறித் துளைபட்டால் அதுவே வாய்க்காலாகி, ஓரிடத்து நீரை வேறிடத்திற்குக் கொண்டுபோகும். விடுவதானாலும் உள்ளே கழுவி, இடையிடையே அடைப்பிட்டு, ஆண்டுதோறும் பார்த்துவர வேண்டும். ஆகலின் ஓரிடத்தில் எடுப்பது தகும். மற்றோரிடத்தில் விடுவது தகும். எல்லா இடத்திற்கும் ஒரே விதி கிடைத்திருந்தால், பிரசங்கம் செய்யும் என் போன்றோர்க்கு எளிதாயிருக்கும்!

எண்ணமே வினை, பதித்தவர்க்குத் தீய எண்ணமில்லை என்பர் சிலர். ஒப்புக்கொள்வோம். ஆனால் துருவேறும் என்றறிந்த பின், "கிடந்துவிட்டுப் போகட்டும்" என நினைக்கும் கணத்திலேயே எண்ணம் பிறந்துவிடுகிறது. அவ்வெண்ணம் இன்று இருப்பவருடையது, அன்று பதித்தவருடையதன்று.

கனடாவில், குழாய் ஓடும் காலத்திலேயே அதன் முடிவுச் செலவுக்குக் கம்பெனிகள் பணம் ஒதுக்கும் முறை 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. முன்னமே வந்திருக்க வேண்டியது. மின்னசோட்டாவில், நிலச் சொந்தக்காரர் விரும்பினால் தம் நிலத்துக் குழாயை எடுக்கச் சொல்லலாம் என்று 2018இல் ஏற்பாடாயிற்று. நன்றே. ஆனால் ஒருவர் எடுக்கச் சொல்ல, அடுத்தவர் விடச் சொல்ல, வேலிக்கு வேலி முடிவு மாறும். சதுப்பு நீர் வேலி பார்த்து நில்லாது. பழைய உடன்படிக்கைப்படி நெல் கொய்யும் உரிமை தமக்கு உண்டென்று கூறும் ஒஜிப்வே மக்களின் பெயரில், அந்நிலங்கள் பலவற்றிற்குப் பட்டாவும் இல்லை. அவர்களை உட்காரவைத்துக் கேட்ட பிறகே திட்டத்தின் முதல் வரியை எழுத வேண்டும் என்பது என் கருத்து.