கோலத்துக்கு ஒரு பிடி



பொங்கலுக்கு முந்தின நாள் காஞ்சீபுரத்து வீடுகளில் பச்சரிசி ஊறும். ஊறியதை நைய அரைத்து, நீர்விட்டுக் கரைத்து, சிறு துணியை அதில் நனைத்துக் கைக்குள் அடக்கி, மோதிர விரல் வழியே மாவை வழியவிட்டு இழை இழையாகக் கோலம் போடுவார்கள். சுற்றிலும் காவி பூசுவார்கள். போடும்போது மங்கலாயிருக்கும் இழை, காயக் காய வெளுத்துப் பளிச்சென்று தெரியும். கிறிஸ்தவ வீட்டு வாசல்களிலும் இதைக் காணலாம்.

இதைக் கண்டு ஒருவர் கேட்கலாம்: உண்ணும் அரிசியைத் தரையில் இடுவது முறையா? பசித்தவன் ஒருவன் அதே தெருவில் நடந்து போகையில், சோறாக வேண்டியது அவன் காலடியில் கோலமாய்க் கிடக்கலாமா?

இது வீண் கேள்வியன்று. பசியை அறிந்த ஊர் காஞ்சி. மணிமேகலைக் காப்பியத்தில், அமுதசுரபி ஏந்திய மணிமேகலை இந்நகருக்கு வந்தது, பஞ்சத்தில் வாடியவர்களுக்குச் சோறிடவே அன்றோ?

முதலில் அளவைப் பார்ப்போம். சாதாரண வாசல் கோலத்துக்கு ஒரு பிடி, மிஞ்சினால் இரண்டு பிடி அரிசி போதும். உலர்ந்த மாவில் போட்டால் எறும்புக்கும் குருவிக்கும் அது இரையாகும். ஆனாலும் இந்த விடை மட்டும் போதாது. எறும்புக்கு இட்டேன் என்பது மனிதனுக்கு இடாததற்குச் சமாதானம் ஆகாது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நம்மூரில் பட்டு நூலுக்கு அரிசிக் கஞ்சி ஏற்றுவதை நெசவுக் குடும்பங்கள் அறியும். அந்தக் கஞ்சியை ஏழைக்கு வார்க்கலாகாதா என்று எவரும் கேட்பதில்லை. ஏன்? புடவைக்கு விலை உண்டு; கோலத்துக்கு விலை இல்லை. விலை வராத அழகை மட்டும் வீண் என்கிறோம். ஆனால் வாசலில் போட்ட கோலம் வீட்டாரைவிடத் தெருவில் போகிறவர்களுக்கே அதிகம் தெரிகிறது. அந்த ஏழைக்கும் அது காசில்லாமல் கிடைக்கும் அழகு.

பெத்தானியாவில் மரியம்மாள் விலையேறிய தைலத்தைச் சேசுநாதர் பாதங்களில் பூசியபோது, ஏழைகளின் பெயரைச் சொல்லிக் கடிந்துகொண்டவன் யூதாஸ். அவன் பணப்பையிலிருந்து திருடுகிறவன் என்று சுவிசேஷம் சொல்கிறது. ஏழைக்காகப் பேசியது அவன் வாய், கை பேசவில்லை.

ஆகவே கேள்வி கோலத்தைப் பற்றியதன்று, அதைப் போடும் கையைப் பற்றியது. உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை ஏழைகளுக்கென்று தனியே வைக்கும் வழக்கத்தைப் பிடியரிசி என்பார்கள். கேரளத்தில் அர்ச். சாவறா குரியாக்கோஸ் (1805–1871) ஏழைப் பிள்ளைகளின் மதிய உணவுக்காக வீடுகளிலிருந்து இப்படிப் பிடியரிசி சேர்க்கச் செய்தார். காஞ்சி மடத்துச் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகளும் (1894–1994) தினம் ஒரு பிடி எடுத்து வைக்கும்படி இல்லத்தாரைக் கேட்டுக்கொண்டார். மதம் வேறு, பிடி ஒன்றே.

அரிசிக்கே வழியில்லாத வீட்டின் வாசல் வெறுமையாயிருந்தால் அதைக் குறை சொல்லாதீர்கள். அங்கே அரிசி உலைக்குப் போவதே தருமம். அண்டை வீட்டை மிஞ்சவேண்டுமென்று தெருவை அடைத்துப் போடும் கோலமோ, எத்தனை அழகாயிருந்தாலும், பார்ப்பவனுக்கு ஒன்றும் கொடுப்பதில்லை. அவன் புகழ்ச்சியைக் கேட்டு வாங்குகிறது.

தாய்மார்களே, அடுத்த முறை கோலத்துக்கு அரிசி எடுக்கும்போது, முதல் பிடியை இல்லாதவருக்கென்று எடுத்து வையுங்கள். இரண்டாவதை ஊறவையுங்கள். வீட்டு ஆண்களே, அந்த முதல் பிடி உரியவர் கைக்குப் போய்ச் சேருவது உங்கள் பொறுப்பாகட்டும். முதல் பிடியைக் கொடுக்க மனம் வராத நாளில், இரண்டாவதையும் பானையிலேயே விட்டுவிடுங்கள்.