மிகை எனப்படுவோர்: மக்கள்தொகையும் சூழலும் – தாராவியை முன்வைத்து

மக்கள்தொகைப் பெருக்கம் சூழலைச் சிதைக்கிறது என்னும் கூற்று பள்ளிப் பாடங்களிலும் ஆட்சியாளர் உரைகளிலும் ஐயத்திற்கு இடமற்ற உண்மையாகவே வழங்கிவருகிறது. ஆயின் 'பெருக்கம்' என்பதை மக்கள்தொகையியல், சூழலியல், நீரியல், சட்டவியல் ஆகிய துறைகள் ஒரே பொருளில் ஆளவில்லை. ஒவ்வொரு துறையும் தனக்குரியதை எண்ணுகிறது. அது எண்ணாது விடுவது யாது, அவ்விடுபாட்டின் சுமை எவர்மேல் விழுகிறது என்பன அறவியல் சார்ந்த வினாக்கள். மும்பைத் தமிழர் மிகுதியாக வாழும் தாராவி, செம்பூர்ப் பகுதிகளைக் கொண்டு அவற்றை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

உணவு கூட்டல் முறையிலும் மக்கள் பெருக்கல் முறையிலும் வளர்வர் என்று மால்தஸ் 1798-இல் எழுதினார். உயிரியலறிஞர் பால் எர்லிக் 1968-இல் வெளியிட்ட 'மக்கள்தொகை வெடிகுண்டு' என்னும் நூலோ, தில்லித் தெருவின் இரவுநேரக் கூட்டத்தை வாடகைக் காரிலிருந்து கண்ட அச்சத்தோடு தொடங்குகிறது. அக்காலத்தில் பாரிசு மாநகரப் பகுதியின் மக்கள்தொகை தில்லியினதைப் போல இருமடங்கிற்கும் மேற்பட்டதாகும். ஒரு நகரின் நெரிசல் நாகரிகமாகவும் மற்றொன்றின் நெரிசல் வெடிகுண்டாகவும் தோன்றியமைக்கு உயிரியல் விடை தாராது.

எர்லிக்கும் ஜான் ஹோல்ட்ரனும் 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கிய வாய்பாடு இதனினும் நேரியது. சூழல்மீதான தாக்கம், மக்கள்தொகை, தலைக்குரிய நுகர்வு, தொழில்நுட்பம் ஆகிய மூன்றன் பெருக்கற்பலன் என்பது அது. பொதுவழக்கிலோ முதற்காரணி மட்டுமே நிலைத்தது. தாராவியில் அக்காரணியே உறுதியானதன்று. இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த அந்நிலத்தில் வாழ்வோர் மூன்று இலட்சம் என்பாரும் உளர். பத்து இலட்சம் என்பாரும் உளர். இரண்டாம் காரணியாகிய நுகர்வை நோக்கின் நிலைமை தலைகீழாகிறது. மாநகர் எறிந்த நெகிழியும் அட்டையும் தகரமும் தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் தரம்பிரிக்கப்பட்டு மீண்டும் பொருளாகின்றன. பிறர் நுகர்ந்ததன் எச்சம் அங்கு வாழ்வோரின் மாசாகக் கணக்கெழுதப்படுகிறது. இதனால் தாராவி மாசற்றது என்று கொள்ளுதல் ஆகாது. நெகிழி உருக்கும் புகையையும், திருநெல்வேலிப் பகுதித் தமிழ் முசுலிம்கள் வளர்த்த தோல் பதனிடும் தொழிலின் கழிவையும் பரிவின் பெயரால் மறைப்பது ஆய்வு நெறியன்று.

2005 சூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து மித்தி ஆறு கரைபுரண்டபோது, ஆற்றோரக் குடிசைகள்மீது பழி விழுந்தது. விமான நிலைய ஓடுதளத்திற்காக ஆற்றின் போக்கு திருப்பப்பட்டிருந்ததும், தாராவிக்கு எதிர்க்கரையில் அலையாத்தி நிலத்தைத் தூர்த்துப் பாந்த்ரா-குர்லா வளாகம் எழுப்பப்பட்டிருந்ததும் அத்துணை விரைவாகப் பேசப்படவில்லை. ஆற்றின் குறுக்களவை அளக்கும் நீரியல், குறுக்கியவர் யார் என்று வினவுவதில்லை.

அவ்வினாவிற்குச் சட்டவியல் ஓரளவு அணுக்கமாக வந்தது. வறட்சியால் வேலையிழந்து 1961-இல் சேலத்திலிருந்து பம்பாய் சென்ற நிலமற்ற தொழிலாளி ஒருவர் நடைபாதையில் குடியிருந்தார். 1981-இல் குடும்பத்தோடு பேருந்தில் ஏற்றப்பட்டுச் சேலத்திற்கே அனுப்பப்பட்டார்; வேலை தேடி மீண்டும் பம்பாய்க்கே வந்தார். அவரும் மனுதாரராயிருந்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வாழ்வுரிமையுள் பிழைப்புரிமையும் அடங்கும் என்றது. எனினும் முன்னறிவிப்புடன் அகற்றுதலை அது தடுக்கவில்லை. மக்கள்தொகையியலின் நோக்கில் அவர் பம்பாயில் கூடிய ஒரு தலை. சேலத்தில் குறைந்த ஒரு தலை. அவரைப் பெயர்த்த வறட்சியும் சூழல் சார்ந்ததே என்பது ஈண்டு நோக்கத்தக்கது. சூழலைச் சிதைப்பவராகக் கருதப்பட்டவர் சூழற்சிதைவால் பெயர்க்கப்பட்டவராகவும் இருந்தார்.

எண்ணிக்கையே அறமாகும்போது நேர்வதற்கு 1976 சான்றாகும். மூன்று குழந்தைகளுக்குப்பின் கட்டாயக் கருத்தடை என்னும் சட்டமுன்வடிவை மகாராட்டிரச் சட்டமன்றம் அவ்வாண்டு நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிட்டாமையால் அது நடைமுறைக்கு வரவில்லை. இதற்குப் பல்லாண்டுகள் முன்பே, 1930-களில், கருத்தடையை வலியுறுத்திய பெரியார் தம் காரணத்தைப் பிறர் காரணத்தினின்று பிரித்துக் கூறினார். பிறர் நாட்டின் நலத்தையும் பொருள்நிலையையும் காட்ட, அவர் பெண்ணின் விடுதலையைக் காட்டினார். செயல் ஒன்றே, அறம் வேறு. 1994-ஆம் ஆண்டுக் கெய்ரோ மாநாடு பெண்ணின் உரிமையை மையப்படுத்தியதைப் புதுமையாகக் கூறுவோர் இதனை அறிதல் நலம்.

தமிழியல் இவ்விவாதத்திற்குத் தருவது யாது? திணைக்கோட்பாட்டைச் சூழலியலின் முன்னோடியாகப் போற்றும் கட்டுரைகள் மலிந்துள்ளன. அவற்றுட் பல போற்றுதலோடு நின்றுவிடுகின்றன. நம்பியகப்பொருள் கூறும் பதினான்கு கருப்பொருள்களுள் புள், விலங்கு, நீர், மரம் ஆகியவற்றோடு மனிதரும் இடம்பெறுகின்றனர். மனிதர் சூழலுக்குப் புறத்தே நின்று அதனை அழுத்தும் எண்ணிக்கையாக அன்றி, அதன் உள்ளுறுப்பாக எண்ணப்படுகின்றனர். அவர்தம் தொழிலும் உடன் எண்ணப்படுகிறது. சுண்ணாம்புச் சூளை எனப் பொருள்படும் சுனாபட்டி, குயவர் வாழிடமாகிய கும்பார்வாடா முதலிய மும்பை இடப்பெயர்களிலும் நிலமும் தொழிலும் இங்ஙனமே ஒட்டிக் கிடக்கின்றன. ஆனால் அதே பட்டியல் மனிதரை 'உயர்ந்தோர்', 'அல்லாதோர்' என்று இரண்டாகவும் பிரிக்கிறது. முன்னதைப் போற்றிப் பின்னதை விடுப்பது நம் துறையின் விடுபாடாகும்.

அப்பிரிவினை வேறு சொற்களில் இன்றும் தொடர்கிறது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000 சனவரி 1 என்னும் வரையறை நாள் முதலியவற்றைக் கொண்டு குடியிருப்போர் வகைப்படுத்தப்படுகின்றனர். தாராவிக்குள்ளேயே இலவச வீடு பெறத் தகுதியற்றோருக்குப் பிற இடங்களில் வீடு என்பது திட்டம். அதற்கென 2024-இல் ஒதுக்கப்பட்ட நிலங்களுள் செம்பூரை அடுத்த தேவனார்க் குப்பைமேட்டின் 124 ஏக்கரும் ஒன்று. 1927 முதல் மாநகர் குப்பை கொட்டிவந்த மேடு அது. அங்கு எத்தனை வீடுகள் கொள்ளும் என்பதைக் கட்டடவியலும், மேட்டினுள் உள்ள வாயுவின் அளவைச் சூழற்பொறியியலும் கூறிவிடும். மாநகரின் எச்சத்தைத் தரம்பிரித்து வாழ்ந்தவரை அவ்வெச்சத்தின்மேலேயே குடியமர்த்தலாமா என்பதைக் கேட்க எந்தத் துறைக்கும் பாடத்திட்டம் இடம் வகுக்கவில்லை. குப்பைமேட்டுக்கு நாமும் திணை வகுக்கவில்லை.