செல்பவனும் செலவும்

கி.பி. 2ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் பௌத்த மெய்யியலாளர் நாகார்ஜுனர், தம் மூலமத்தியமக காரிகையின் 2ஆம் இயலில், அன்றாடப் பேச்சில் எவரும் ஐயமின்றி வழங்கும் ‘செல்லுதல்’ என்னும் வினையையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறார். கடந்துவிட்ட வழியில் செல்லுதல் முடிந்துபோயிற்று, கடக்காத வழியில் அது தொடங்கவில்லை, இவ்விரண்டையும் நீக்கினால் செல்லப்படுகின்ற வழியென்று தனித்துச் சுட்ட எதுவும் எஞ்சுவதில்லை என்பது அவருடைய முதல் வாதம். செல்லுதலின்றிச் செல்பவன் இல்லை. செல்பவனின்றிச் செல்லுதலும் இல்லை. இரண்டும் ஒன்றெனின் செய்பவனும் செயலும் ஒன்றாகிவிடும். முற்றிலும் வேறெனின், செல்லாமல் நிற்பவனையும் செல்பவன் என்று சொல்ல நேரும்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எலியா நகரில் வாழ்ந்த சீனோவின் புதிர்களோடு இதனை ஒப்பிடுவோர் உண்டு; ஆயினும் ஒப்புமை ஓரளவுக்கே பொருந்தும். சீனோ தொலைவை முடிவின்றிப் பகுத்து இயக்கத்தையே ஐயுறச் செய்தார்; நாகார்ஜுனரோ மனிதர் நடப்பதை மறுக்கவில்லை, நடையும் நடப்பவனும் ‘சுபாவம்’ உடையவை, அதாவது பிறிதொன்றைச் சாராமல் தாமே நிலைபெற்றவை, என்னும் எண்ணத்தையே மறுத்தார். ஒன்றையொன்று சார்ந்தே தோன்றும் இந்நிலையைத்தான் அவர் சூனியம் என்றார். அதனை வெறும் இன்மை என்று கொள்வது பெரும் பிழை.

இந்த ஆய்வு தருக்கப் பயிற்சி மட்டுமன்று. ஒரு பிறவியிலிருந்து மறுபிறவிக்குச் செல்பவர் யார், விடுதலை அடைபவர் யார் என்று 16ஆம் இயல் வினவும்போது, அங்கும் நிலையான பயணி ஒருவர் அகப்படுவதில்லை.