ஓருயிரின் எல்லை எது?

ஓர் உயிரினுள் குடியேறிய பிறிதொன்று எப்போது அவ்வுயிரின் உறுப்பாகிறது என்ற மெய்யியல் வினாவுக்கு, பாக்டீரியத்தினுள் டிஎன்ஏ நகலெடுக்கப்படும் வேளை எதிர்பாராத வெளிச்சம் தருகிறது. பிளவுறுவதற்கு முன் பாக்டீரியம் தன் குரோமோசோமை நகலெடுக்கக் குறித்த தொடக்கப்புள்ளியும் குறித்த தருணமும் உண்டு. ஆனால் அதே செல்லில் தனி வளையமாக வாழும் பிளாஸ்மிட் எனும் சிறு டிஎன்ஏ அத்தருணத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. எஸ்செரிச்சியா கோலியில் வாழும் கோல்இ1 பிளாஸ்மிட், தன் நகல்களின் எண்ணிக்கையை மட்டுமே கருதி, செல்சுழற்சியின் எந்தக் கட்டத்திலும் பெருகுகிறது. லாம்டா வைரஸோ குரோமோசோமில் பொதிந்திருக்கும்வரை அதனோடு சேர்ந்தே நகலாகிறது. எனினும் புற ஊதாக் கதிரால் செல்லின் டிஎன்ஏ சிதைந்தால், அது விடுபட்டுத் தன்போக்கில் பெருகி, செல்லை உடைத்து வெளியேறிவிடும்.

விப்ரியோ காலரே எனும் காலராக் கிருமியின் நிலை வேறு, உண்மையில் வியக்கத்தக்கது. அதன் இரு குரோமோசோம்களில் சிறியது, தொடக்கப்புள்ளியின் அமைப்பைக் கொண்டு பார்த்தால், பண்டைய பிளாஸ்மிடின் வழிவந்ததென ஆய்வாளர் கருதுகின்றனர். பெரிய குரோமோசோமில் சிஆர்டிஎஸ் எனப்படும் குறும்பகுதி நகலான பின்னரே சிறியது தொடங்குவதால், இரண்டும் ஏறத்தாழ ஒரே வேளையில் முடிகின்றன. செல் உயிர்வாழ இன்றியமையாத மரபணுக்கள் சிலவும் இச்சிறியதில் உள்ளன.

ஆகவே பிறப்பிடம் இங்கே அளவுகோலாகாது. லாம்டாவைக் கண்டபின், காலஒற்றுமை மட்டும் போதும் என்றும் சொல்வதற்கில்லை. விலகிச் செல்லும் வழி எஞ்சியுள்ளதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதன்படி லாம்டா விருந்தாளியே, சிறிய குரோமோசோம் விப்ரியோவின் உடலே.